வீட்டுக்குள் ஓடும் ரெயில்: பழைய குமிழா, புதிய டிஜிட்டலா?

1856-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி. ராயபுரத்தில் இருந்து ஆற்காடு நோக்கி ஒரு ரெயில் புறப்பட்டது. தென்னாட்டில் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடிய முதல் ரெயில் பாதை அதுதான். அந்த நிலையத்தின் உயர்ந்த தூண்கள் இன்றும் நிற்கின்றன.

அன்று முதல் வட சென்னையில் ரெயில் சத்தம் ஓய்ந்ததே இல்லை. துறைமுகத்துக்குள் போய்வரும் சரக்கு ரெயில்கள் ஒரு பக்கம். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வழியாகக் கும்மிடிப்பூண்டிக்கு ஓடும் மின்சார ரெயில்கள் இன்னொரு பக்கம். ராயபுரத்தில் மின்சார என்ஜின்களுக்கு என்றே ஒரு பெரிய ஷெட் இருக்கிறது. சில வீடுகளில் ரெயில் போகும்போது அலமாரியில் உள்ள தம்ளர்கள் கிணுகிணு என்று ஆடும்!

இப்படிப்பட்ட இடத்தில் வளரும் பிள்ளை, "நைனா, எனக்கு ஒரு ரெயில் வாங்கிக் குடு" என்று கேட்காமல் இருக்குமா?

திருவிழாக் கடையில் சாவி கொடுத்தால் ஓடும் ரெயில் கிடைக்கும். அது ஒரு வாரம் ஓடும். பிறகு பரண் மேலே போய்விடும். ஆனால் மாடல் ரெயில் என்பது அது அல்ல. உண்மையான ரெயிலை அளவெடுத்து, எல்லா பாகத்தையும் ஒரே கணக்கில் சுருக்கிச் செய்வது. இதில் பிள்ளைகளைவிட அப்பாக்களுக்குத்தான் ஆசை அதிகம் என்று சொல்வார்கள். அது பொய் அல்ல!

உலகில் அதிகமாகப் புழங்கும் அளவுக்கு 'எச்.ஓ.' என்று பெயர். உண்மையான ரெயிலில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் 16.5 மில்லிமீட்டர்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. நமது அகலப் பாதையின் அகலம் 1,676 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வருகிறது. ஆகவே, 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் நம் ஊர் என்ஜினை வைத்தால், அது கொஞ்சம் இடுப்பு சிறுத்த பாதையில்தான் ஓடும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பவர்கள் மட்டும் இதற்காக வருத்தப்படுகிறார்கள். மற்றவர்களுக்கு ரெயில் ஓடினால் போதும்.

வாங்கப் போகும்போதுதான் ஒரு கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது.

"டி.சி. வேண்டுமா? டி.சி.சி. வேண்டுமா?"

ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால், அதைத் தெரியாமல் வாங்கிவிட்டால் பல ஆயிரம் ரூபாய் வீணாகும். பெரும்பாலான சாமான்கள் வெளிநாட்டில் இருந்து வருபவை. சுங்க வரி கட்டி வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுப்பது லேசான காரியம் இல்லை. எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து, மாதா மாதம் மிச்சம் பிடித்து வாங்குகிறவருக்கு இது சின்ன விஷயமா?

குமிழைத் திருகினால் ஓடும்

முதலில் டி.சி.யைப் பார்ப்போம். இதுதான் பழைய முறை. நேர் மின்சாரம் என்பது இதன் பொருள்.

தண்டவாளம் இரண்டு இரும்புக் கம்பிகள் அல்ல. இரண்டு மின்சாரக் கம்பிகள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டியில் இருந்து 12 வோல்ட் வரை மின்சாரம் தண்டவாளத்துக்குப் போகிறது. சக்கரங்கள் அதை எடுத்து என்ஜினுக்குள் இருக்கும் சின்ன மோட்டாருக்குக் கொடுக்கின்றன. பெட்டியில் உள்ள குமிழைத் திருகினால் வோல்ட் கூடும்; வேகமும் கூடும். இன்னொரு சுவிட்சைத் தள்ளினால் மின்சாரத்தின் திசை மாறும். ரெயில் பின்னால் போகும்.

அவ்வளவுதான்! எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூட ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். கெட்டுப்போனாலும் மெக்கானிக்கைத் தேட வேண்டாம். கம்பி விட்டிருக்கும், அல்லது தண்டவாளத்தில் அழுக்கு இருக்கும்.

ஆனால் இதில் ஒரு தொல்லை. டிரைவர் என்ஜினுக்குள் இல்லை. சுவரோரப் பெட்டிக்குள் இருக்கிறார். தண்டவாளத்தில் எத்தனை என்ஜினை வைத்தாலும் அத்தனையும் அந்த ஒரே டிரைவருக்குத்தான் கட்டுப்படும். தெருக்குழாயில் தண்ணீர் வந்தால் எல்லாக் குடமும் நிரம்புவதைப் போல, மின்சாரம் வந்தால் எல்லா என்ஜினும் கிளம்பிவிடும்.

அண்ணன் எக்ஸ்பிரஸ் ஓட்ட வேண்டும், தம்பி சரக்கு ரெயில் ஓட்ட வேண்டும் என்றால்? வீட்டில் சண்டைதான்!

இதற்கும் பழைய முறையில் வழி இருக்கிறது. தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு துண்டில் இருந்து இன்னொரு துண்டுக்கு மின்சாரம் தாண்டாதபடி, இணைப்பில் பிளாஸ்டிக் செருகிவிட வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் தனி சுவிட்சு. எந்தத் துண்டை எந்தக் குமிழோடு சேர்ப்பது என்பதை அந்த சுவிட்சு தீர்மானிக்கும். இதை 'பிளாக்' முறை என்கிறார்கள்.

பெரிய ரெயிலிலும் இதே ஏற்பாடுதான். பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு சமயத்தில் ஒரு ரெயில்தான் என்று வைத்தார்கள். ஒற்றைப் பாதைகளில் இதற்காக இரும்புப் பந்து கொடுத்த காலம் பலருக்கு ஞாபகம் இருக்கும். வளையத்தோடு கூடிய பைக்குள் அந்தப் பந்து இருக்கும். பந்து கையில் இருக்கும் டிரைவர்தான் அடுத்த நிலையம் வரை போகலாம். இல்லாதவர் நிற்க வேண்டும். கைகாட்டி மரமும் பந்தும் சேர்ந்து பல்லாயிரம் உயிர்களைக் காத்தன.

வீட்டு ரெயிலில் பத்து சுவிட்சு வைத்து, ரெயில் போகப் போக ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வருகிற பையன், ஸ்டேஷன் மாஸ்டர் வேலையைக் கற்றுக்கொள்கிறான் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு சுவிட்சைத் தட்ட மறந்தால் ரெயில் நின்றுவிடும். தப்பாகத் தட்டினால் அண்ணன் ரெயில் தம்பி கைக்குப் போய்விடும்!

டெலிபோன் டயலில் ரெயில்

இந்த சுவிட்சுத் தொல்லையில் இருந்து ஒரு பெரிய கதையே பிறந்தது.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. அங்கே 1946-ம் ஆண்டு மாணவர்கள் ஒரு மாடல் ரெயில் சங்கம் தொடங்கினார்கள். சங்கத்தில் இரண்டு கோஷ்டி. ஒரு கோஷ்டி மலை, மரம், வீடு செய்து வர்ணம் பூசும். இன்னொரு கோஷ்டிக்கு அதைப்பற்றிக் கவலையே இல்லை. பலகைக்கு அடியில் படுத்துக்கொண்டு கம்பி இணைப்பதே அவர்களுக்கு ஆனந்தம்!

டெலிபோன் நிலையங்களில் இருக்கும் ரிலேக்களைக் கொண்டுவந்து பலகைக்கு அடியில் மாட்டினார்கள். டெலிபோன் டயலைச் சுழற்றினால், எந்தத் தண்டவாளத் துண்டு வேண்டுமோ அது அந்த ஆள் கைக்கு வந்துவிடும். அதே பையன்கள் பிறகு கல்லூரிக்கு வந்த கம்ப்யூட்டர்களைச் சுற்றி இரவெல்லாம் கிடந்தார்கள். இன்று உலகம் முழுவதும் பேசப்படும் 'ஹேக்கர்' என்ற சொல்லைக் கம்ப்யூட்டர் உலகத்துக்குக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். பொம்மை ரெயிலுக்குக் கம்பி இழுத்தவர்கள்!

பிள்ளை ரெயிலும் கம்பியுமாகக் கிடக்கிறானே என்று கவலைப்படும் தாய்மார்கள் இதைக் கவனிக்கலாம்.

மைக்கில் அறிவிப்பு

என்ஜின்களைத் தனித்தனியாக ஓட்ட வேண்டும் என்ற ஆசை புதிது அல்ல. 1960-களிலேயே ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி 'ஆஸ்ட்ராக்' என்ற கருவியை விற்றது. 1980-களில் ஜெர்மனியின் மார்க்லின் கம்பெனி டிஜிட்டல் முறையைக் கொண்டுவந்தது. மார்க்லின் சாதாரணக் கம்பெனி அல்ல. 1891-ம் ஆண்டே தண்டவாளத்தோடு பொம்மை ரெயில் செய்து காட்டிய கம்பெனி. ஆனால் ஒரு கம்பெனியின் பெட்டி இன்னொரு கம்பெனியின் என்ஜினோடு பேசவில்லை. ஜெர்மனியின் லென்ஸ் கம்பெனி செய்த முறையை அடிப்படையாக வைத்து, அமெரிக்க மாடல் ரெயில் சங்கம் 1990-களில் ஒரு பொது விதியை வகுத்தது. அதுதான் டி.சி.சி.

இதில் தண்டவாளத்துக்கு எப்போதும் முழு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். எச்.ஓ. அளவுக்குச் சுமார் 15 வோல்ட். கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அப்படியானால் என்ஜின் எப்படி நிற்கிறது?

சென்டிரல் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். ஒலிபெருக்கியில் ஒரு ரெயிலின் எண்ணைச் சொல்லி அறிவிக்கிறார்கள். நிலையத்தில் இருக்கும் எல்லோர் காதிலும் அது விழுகிறது. ஆனால், எழுந்து மூட்டையைத் தூக்குகிறவர்கள் அந்த ரெயிலுக்குப் போகிறவர்கள் மட்டுமே.

டி.சி.சி.யிலும் இதே கதைதான். ஒவ்வொரு என்ஜினுக்குள்ளும் 'டீகோடர்' என்ற சின்னப் பலகை ஒன்று உட்கார்ந்திருக்கும். அதற்கு ஓர் எண் உண்டு. "27-ம் எண் என்ஜினே, மெதுவாக முன்னால் போ" என்ற கட்டளை, மின்சாரத்தோடு மின்சாரமாகத் தண்டவாளத்தில் போகிறது. 27 மட்டும் கேட்டு நடக்கும். 31 சும்மா நிற்கும்.

கட்டளை எந்த மொழியில் போகிறது? மின்சாரம் திசை மாறும் நேரத்தை வைத்து! திசை மாறி மாறி வரும்போது ஒவ்வொரு பக்கமும் 58 மைக்ரோ விநாடி நீடித்தால் அது '1'. 100 மைக்ரோ விநாடி நீடித்தால் அது '0'. ஒரு மைக்ரோ விநாடி என்பது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இப்படி ஒரு விநாடிக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டளைகள் போய்விடும். ஒவ்வொரு கட்டளையின் கடைசியிலும் ஒரு சரிபார்க்கும் எண் உண்டு. கணக்கு உதைத்தால் டீகோடர் அந்தக் கட்டளையைத் தூக்கி எறிந்துவிடும்.

இதனால் என்ன லாபம்? ஒரே தண்டவாளத்தில் அண்ணன் ரெயில் முன்னால் போகும். தம்பி ரெயில் பின்னால் வரும். நின்ற என்ஜினிலும் விளக்கு எரியும். பழைய முறையில் ரெயில் நின்றால் விளக்கும் அணைந்துவிடுமே! விலை உயர்ந்த டீகோடர்களில் ஹாரன் சத்தம், மோட்டார் சத்தம் எல்லாம் உண்டு. நத்தை மாதிரி ஊர்ந்து நிலையத்துக்குள் நுழையும் அழகும் இதில்தான் நன்றாக வரும்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தில், பழைய சரக்குக் கிடங்கு ஒன்றில் 2001-ம் ஆண்டு ஒரு மாடல் ரெயில் உலகத்தைத் திறந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரெயில்கள் அங்கே கம்ப்யூட்டர் கட்டளைப்படி ஓடுகின்றன. உலகம் எங்கும் இருந்து ஜனங்கள் வந்து பார்க்கிறார்கள். துறைமுகக் கிடங்குகளுக்கு ராயபுரத்திலும் பஞ்சம் இல்லை. மனமும் பணமும்தான் வேண்டும்! நம் நாட்டில் ரெயில் மாடல்களைப் பார்க்க வேண்டுமானால் புனா நகரில் ஜோஷி மினியேச்சர் ரெயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. அருகிலேயே என்றால், பெரம்பூர் ஐ.சி.எப். பக்கத்து ரெயில் அருங்காட்சியகம்.

உப்புக்காற்றும் கரித்தூளும்

இவ்வளவு சொன்ன பிறகு, "டிஜிட்டலே வாங்கிவிடலாமே" என்று தோன்றும். பொறுங்கள்! வட சென்னைக்காரர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்.

கடல் காற்று. ஜன்னல் கம்பியே இரண்டு வருடத்தில் பொரிந்து உதிர்கிறது. அதோடு லாரிப் புழுதி, நிலக்கரித் தூள், சாம்பல். காலையில் துடைத்த மேஜையில் சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம். இத்தனையும் தண்டவாளத்தின் மேல் படியும்.

பழைய முறையில், அழுக்கின் மேல் சக்கரம் ஏறினால் என்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுப் போய்விடும். விரலால் ஒரு தள்ளு தள்ளினால் போதும். டிஜிட்டலில் அப்படி இல்லை. தண்டவாளத்தில் போவது மின்சாரம் மட்டும் அல்ல. கட்டளையும் அதில்தான் போகிறது. அழுக்கில் ஒரு கணம் தொடர்பு அறுந்தால் டீகோடர் மயங்கி விழுந்து, மறுபடி விழித்துக்கொண்டு, அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும். சத்தம் விட்டு விட்டுக் கேட்கும். இதைச் சமாளிக்க, கொஞ்சம் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் சின்னக் கெபாசிடரை என்ஜினுக்குள் வைக்கிறார்கள். அதற்குத் தனிச் செலவு.

ஆகவே தண்டவாளம் வாங்கும்போது 'நிக்கல் சில்வர்' தண்டவாளமா என்று கேட்டு வாங்க வேண்டும். பெயரில்தான் வெள்ளி. உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகிய மூன்றும்தான். ஆனாலும் சுலபத்தில் கெடாது. பித்தளைத் தண்டவாளம் விலை குறைவு. ஆனால் கடலோரத்தில் சீக்கிரம் கறுத்துவிடும். இரும்பு என்றால் துருதான்.

துடைப்பதற்கு உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். தேய்த்த கீறல்களில்தான் அழுக்கு போய் உட்காரும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். நெருப்பு பக்கத்தில் இருக்கக்கூடாது. ஓட்டி முடித்ததும் பழைய வேட்டி ஒன்றைப் போட்டு மூடிவிட வேண்டும். இது மிகச் சாதாரண யோசனைதான். ஆனால், மூடாமல் விட்டவர்கள்தான் டிஜிட்டலைத் திட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

எது யாருக்கு?

ஒரு பலகை, ஒரு வட்டப் பாதை, ஓர் என்ஜின், ஓட்டுவதற்கு ஒரு பிள்ளை. இந்த வீட்டுக்குப் பழைய முறையே போதும். இங்கே டிஜிட்டல் வாங்குவது, பக்கத்துத் தெருவுக்குப் போக டாக்சி பிடிப்பது போல. எச்.ஓ. வட்டத்துக்கு 3 அடி அகலப் பலகையாவது வேண்டும். சின்ன வீடு என்றால், 160-ல் ஒரு பங்கான 'என்' அளவை வாங்கினால் 2 அடியில் அடங்கிவிடும்.

இரண்டு பேர், மூன்று என்ஜின், கிளைப் பாதை, யார்டு என்று ஆசை வளர்கிறதா? அப்போது பழைய முறைக்கு ஆகும் சுவிட்சுச் செலவும் கம்பிச் செலவும் ஏறிக்கொண்டே போகும். அங்கே டிஜிட்டல்தான் சரி.

நடுவில் மாறுவதுதான் கஷ்டம். பெரிய ரெயிலே இதை அனுபவித்திருக்கிறது. ராயபுரத்துக்கு அடுத்த கடற்கரை நிலையத்தில் இருந்து தாம்பரம் வரை 1931-ம் ஆண்டு மின்சார ரெயில் வந்தபோது, அது 1,500 வோல்ட் டி.சி.யில்தான் ஓடியது. 1960-களின் பிற்பகுதியில் அதை 25,000 வோல்ட் ஏ.சி.க்கு மாற்றினார்கள். பழைய வண்டிகளைப் புதிய மின்சாரத்தில் அப்படியே ஓட்ட முடியாது.

வீட்டிலும் அப்படித்தான். டீகோடர் இல்லாத பழைய என்ஜினை டிஜிட்டல் தண்டவாளத்தில் வைக்கக்கூடாது. மோட்டார் ரீங்காரம் போடும், சூடேறும், கருகியும் போகலாம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பெட்டியின் மேல் 'டி.சி.சி. ரெடி' என்று போட்டிருக்கும். டீகோடர் உள்ளே இருக்கிறது என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். இல்லை! அதைச் செருகுவதற்கு இடம் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். 'டி.சி.சி. பிட்டட்' என்று இருந்தால்தான் உள்ளே டீகோடர் இருக்கும். ஒரு டீகோடர் சில ஆயிரம் ரூபாய் ஆகும். சத்தம் வேண்டும் என்றால் இன்னும் அதிகம்.

இதிலும் ஒரு நல்ல வழி இருக்கிறது. இன்றைக்குப் பழைய முறையில் தொடங்குகிறவர்கள், 'ரெடி' என்று போட்ட என்ஜினையே வாங்கினால், பின்னால் டீகோடரை மட்டும் செருகிக்கொள்ளலாம். பழைய முறையிலும் அது ஓடும். இரண்டு நாற்காலியிலும் கால் வைத்த மாதிரி!

ரிச்சி தெருவில் இருக்கிறது மருந்து

டிஜிட்டலில் பெரிய செலவு கட்டளைப் பெட்டி. வெளிநாட்டுப் பெட்டியின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதற்கு இப்போது ஒரு மாற்று வந்துவிட்டது.

'டி.சி.சி. இ.எக்ஸ்.' என்ற பெயரில் ஆர்வலர்கள் ஒரு புரோகிராமை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு வேண்டியது 'ஆர்டுயினோ மெகா' என்ற பலகையும், அதன் தலையில் செருகும் மோட்டார் பலகையும், ஒரு நல்ல அடாப்டரும். மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெருவுக்குப் போனால் இந்தப் பலகைகள் கிடைக்கும். வைபை பலகை ஒன்றையும் சேர்த்துவிட்டால், வீட்டில் உள்ள செல்போனே குமிழாகிவிடும்! அண்ணனுக்கு அம்மாவின் போன். தம்பிக்கு அப்பாவின் போன்.

ஒன்றை மறக்கக்கூடாது. மோட்டார் பலகையில் 'வின் கனெக்ட்' என்று ஓர் இணைப்பு இருக்கும். அதை வெட்டிவிட வேண்டும். வெட்டாமல் விட்டால் தண்டவாளத்துக்குப் போக வேண்டிய வோல்ட் கீழ்ப் பலகைக்குள் இறங்கி அதைக் கெடுத்துவிடும். பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளை தெருவில் ஒருவராவது இருப்பார். கூப்பிட்டால் சந்தோஷமாக வந்து செய்து கொடுப்பார்.

5 ரூபாய் சோதனை

தண்டவாளத்தில் இருப்பது 15 வோல்ட்தானே என்று அலட்சியம் கூடாது. அதைத் தொட்டால் ஷாக் அடிக்காது, அது உண்மை. ஆனால் டிஜிட்டல் பெட்டி 3 முதல் 5 ஆம்பியர் வரை எப்போதும் கொடுக்கத் தயாராக நிற்கும். என்ஜின் தடம் புரண்டு குறுக்கே கிடந்தால், அந்த மின்சாரம் முழுவதும் ஒரே இடத்தில் பாயும். சக்கரம் சூடேறி, பிளாஸ்டிக் உருகிவிடும். ஆகவே ஷார்ட் ஆனால் பெட்டி உடனே அணைந்துகொள்ள வேண்டும்.

அணைகிறதா என்று எப்படித் தெரியும்? ஒரு 5 ரூபாய் நாணயத்தை எடுத்து, இரண்டு தண்டவாளத்தையும் தொடும்படி குறுக்கே வையுங்கள். பெட்டி 'டக்' என்று அணைந்தால் நல்லது. பெட்டிக்குப் பக்கத்தில் மட்டும் வைத்துப் பார்த்தால் போதாது. தண்டவாளத்தின் கடைக்கோடியிலும் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே அணையவில்லை என்றால் கம்பி மெல்லியது என்று அர்த்தம். தடித்த கம்பியைப் பலகைக்கு அடியில் இழுத்து, மூன்று அடிக்கு ஓர் இடத்தில் தண்டவாளத்தோடு பற்றவைக்க வேண்டும். இரண்டு கம்பி போதும் என்று விளம்பரங்களில் சொல்வதை நம்பிவிடக்கூடாது.

சுவரில் உள்ள 230 வோல்ட் பிளக்கைப் பெரியவர்கள்தான் தொட வேண்டும். கடலோர வீடுகளில் பிளக்கின் முனைகள் பச்சை பூத்திருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் செருகினால் அங்கேயும் சூடேறும்.

இனி ஓட்டலாம். புதிய டீகோடர் எதுவானாலும் அதற்குக் கம்பெனியில் வைத்து அனுப்பும் எண் 3. இரண்டு புதிய என்ஜினை ஒன்றாகத் தண்டவாளத்தில் வைத்தால் இரண்டும் 3-க்குப் பதில் சொல்லும். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒன்றாகக் கிளம்பும். கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். ஒன்றை எடுத்துவிட்டு, மற்றொன்றை மட்டும் தனித் தண்டவாளத்தில் வைத்து, வேறு எண் கொடுத்துவிட்டு, அந்த எண்ணை ஒரு சின்னக் காகிதத்தில் எழுதி என்ஜினின் வயிற்றில் ஒட்டிவிடுங்கள்.